மோர்ட்ஹைம்: ஆட்டக்காரர்கள் கட்டி வண்ணம் தீட்டிய இடிந்த நகரம்

மேஜைமேல் சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் எப்போதும் வீரர்களுக்குத்தான் முதல் மரியாதை. நூறு வீரர்களை மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீட்டுவார்கள். அவர்கள் நிற்கும் தரைக்கு மட்டும் ஒரு பச்சைத் துணி, இரண்டு குன்று, நாலு மரம் போதும் என்று விட்டுவிடுவார்கள். இந்த வழக்கத்தை அப்படியே புரட்டிப் போட்ட விளையாட்டு ஒன்று உண்டு. 1999இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் வெளியிட்ட மோர்ட்ஹைம்.

வார்ஹேமர் என்ற கற்பனை உலகம் 1983இலிருந்தே இருந்தது. அந்த உலகத்தின் ஒரு மூலையை எடுத்து டுவோமாஸ் பிரினன், அலெசியோ கவத்தோரே, ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் இந்த விளையாட்டை எழுதினார்கள். கதை எளிமையானது. மோர்ட்ஹைம் பெரிய நகரம். இரட்டை வால் கொண்ட வால்மீன் வரப்போகிறது, அதோடு கடவுளே இறங்கி வருவார் என்று ஊரெல்லாம் கூடி நிற்கிறது. வால்மீன் நகரத்தின் மேலேயே விழுகிறது. சாம்பலுக்கு நடுவே விர்ட்ஸ்டோன் என்ற மந்திரக் கல் சிதறிக் கிடக்கிறது. அதைப் பொறுக்கி விற்கக் கூலிப்படைகளும் எலி மனிதர்களும் சூனிய வேட்டைக்காரர்களும் வந்து சேர்கிறார்கள். ஆட்டக்காரர் ஒருவரிடம் 500 பொற்காசு இருக்கும். அதில் ஒரு சிறு கும்பலை அமைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கும்பல்களில் 15 பேருக்கு மேல் சேர்க்க முடியாது.

2010களின் முதல் பாதியில் நிறுவனம் இதன் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனாலும் இன்றுவரை ஆட்கள் விளையாடுகிறார்கள், புதிதாகச் சேருகிறார்கள், புதிய மேஜைகளைக் கட்டித் தீட்டுகிறார்கள். விதிப்புத்தகத்தை நிறுவனமே ஒரு காலத்தில் தன் தளத்தில் இலவசமாகக் கொடுத்திருந்தது இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதாது. இலவசமாகக் கிடைத்தும் மறக்கப்பட்ட விளையாட்டுகள் ஏராளம். என் பார்வையில் முக்கியமான காரணம் வேறு. மோர்ட்ஹைமின் பெரும்பகுதி பெட்டிக்குள் இல்லை. நகரத்தை ஆட்டக்காரர்தான் கட்டினார், அவர்தான் வண்ணம் தீட்டினார். அவர் வீட்டு அலமாரியில் இருக்கும் நகரத்தின் விற்பனையை யாரும் நிறுத்த முடியாது.

விதி கேட்ட கட்டடம்

டெரெய்ன் என்று இந்தப் பொழுதுபோக்கில் சொல்வது மேஜைமேல் வைக்கும் வீடு, மதில், பாலம், குன்று, மரம் எல்லாவற்றையும்தான். பல விளையாட்டுகளில் அது ஒளிந்துகொள்ளும் இடம், அவ்வளவே. மோர்ட்ஹைமில் அது பாதி ஆட்டம். சுவரில் ஏறலாம், மாடியிலிருந்து மாடிக்குத் தாவலாம், மேலிருந்து எதிரியின் தலையில் குதித்துத் தாக்கலாம். அப்படிக் குதித்தால் அடி எதிரிமேல் படும் வாய்ப்புக்கும் அடியின் வலிமைக்கும் ஒவ்வொரு புள்ளி கூடும். தவறி விழுந்தால், எத்தனை அங்குலம் விழுந்தாரோ அத்தனை வலிமையில் அடி. பார்வை விதியும் அப்படித்தான்: பொம்மையின் கண் உயரத்துக்குக் குனிந்து பார், உனக்குத் தெரிந்தால் அதற்கும் தெரியும்.

இந்த விதிகளை வெறும் மேஜையில் வைத்து ஆடினால் சப்பென்று இருக்கும். வில்லாளி இருக்கும் கும்பல் முதல் இரண்டு சுற்றிலேயே ஆட்டத்தை முடித்துவிடும். நான்கடிக்கு நான்கடி மேஜை நெருக்கமாக நிறைந்திருக்க வேண்டும். சந்து, பாலம், பாதி விழுந்த மாடி, கூரை இல்லாத கோபுரம் என்று பத்துப் பன்னிரண்டு கட்டடமாவது வேண்டும். பெட்டியில் வந்ததோ அட்டைச் சுவர்களும் பிளாஸ்டிக் பாகங்களும் சேர்ந்த சில கட்டடங்கள் மட்டும். தொடங்குவதற்கு அது போதும். ஒரு நகரத்துக்குப் போதாது. மீதியைச் செய்யும் வேலை ஆட்டக்காரரின் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கட்டத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி அளவு. வார்ஹேமர் காலத்து மனிதப் பொம்மையின் அளவு 28 மில்லிமீட்டர். அதைப் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 58இல் ஒரு பங்கு. இரண்டரை மீட்டர் உயரமுள்ள உண்மையான வீட்டின் ஒரு தளம் இந்த அளவில் 43 மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் நல்ல மோர்ட்ஹைம் மேஜையில் ஒரு தளம் மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் இருக்கும். இதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. பொம்மைக்கு அடியில் பேஸ் என்ற மூன்று மில்லிமீட்டர் அடித்தட்டு இருக்கிறது. ஓங்கிய வாள் தலைக்கு மேலே போகிறது. உள்ளே கைவிட்டுப் பொம்மையை எடுத்து நகர்த்தவும் வேண்டும். அதோடு விதிக்கணக்கும் இருக்கிறது: ஒரு சுற்றில் தன் நடை வேகத்துக்கு மேல் ஏற முடியாது, மனிதனின் நடை நான்கு அங்குலம். மூன்று அங்குலச் சுவரில் அவன் ஏறிவிடுவான், ஐந்து அங்குலச் சுவரில் முடியாது. அழகுக்காக ஐந்து அங்குலத் தளம் கட்டினால் ஏணியோ படியோ வைத்தே ஆக வேண்டும்.

கதவு மட்டும் கண்ணை ஏமாற்றாமல் இருக்க வேண்டும். நாற்பது நாற்பத்தைந்து மில்லிமீட்டரில் கதவு வைத்தால், தளம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பார்ப்பவர் மனம் அதைச் சரியான வீடாக ஏற்றுக்கொள்ளும். கதவு பெரிதானால் பக்கத்தில் நிற்கும் வீரன் குள்ளனாகிவிடுவான்.

எப்படி இடிய வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் சுவரின் மேல்விளிம்பைச் சீராக ரம்பப் பல்போல வெட்டிவிடுவார்கள். உண்மையில் முதலில் போவது கூரை. அது விழும்போது மாடியை உடைத்துக்கொண்டு போகும். இரண்டு சுவர் ஒன்றையொன்று தாங்குவதால் மூலைகள்தான் கடைசி வரை நிற்கும். எனவே நடுவில் தாழ்ந்து மூலையில் உயர்ந்து நிற்கும் சுவர்தான் இடிந்த வீடாகத் தெரியும். விழுந்த கல்லும் உத்தரமும் அடியில் குவிந்து கிடக்க வேண்டும். அந்த இடிபாட்டை மறந்துவிட்டு வெறும் அரைச்சுவரை நிறுத்தினால் பாதியில் நின்றுபோன கட்டுமான வேலைபோல இருக்கும்.

எதில் செய்தார்கள்

தொடக்கத்தில் தடித்த அட்டையும் நடுவில் ஃபோம் வைத்த ஃபோம்போர்டும்தான். மரச்சட்டங்களுக்குப் பால்சா கட்டையோ காபி கலக்கும் குச்சியோ. தரைப்பலகைக்கும் அதே குச்சிதான். பிறகு வீட்டுச் சுவரில் வெப்பத் தடுப்பாகப் பதிக்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பரவலானது. இளஞ்சிவப்பு, நீலம் என்று பலகையாக வரும். நம்மூர்த் தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரீன்தான், ஆனால் மணிமணியாக ஒட்டியது. எக்ஸ்பிஎஸ்ஸில் மணி இல்லை, ஒரே அடர்த்தி. அதனால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டாலே கல் வரிசை கிடைக்கும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு தானாக வரும். தெர்மாகோலில் கோடு போட்டால் மணி பிய்ந்து வரும். அதைக் குன்றுக்கும் உள்கூட்டுக்கும் வைத்துக்கொண்டு, வெளியே அட்டையோ பேப்பர்மாஷேயோ ஒட்டலாம்.

நவராத்திரிக் கொலுவுக்குப் பூங்காவும் தெப்பக்குளமும் கட்டிப் பழகிய வீட்டில் இந்தக் கைவேலையில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

எல்லா ஃபோமுக்கும் பொதுவான ஆபத்து ஸ்பிரே பெயின்ட். டப்பாவில் அடைத்த ஸ்பிரேயில் இருக்கும் அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். சுவர் கண்ணெதிரே குழிந்து உருகும். இதைத் தடுக்கும் வழி பழையது, எளியது. ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயின்டைக் கலந்து பிரஷ்ஷால் முழுக்கப் பூச வேண்டும், வெட்டிய விளிம்பும் அடிப்பக்கமும் உட்பட. இந்த ஒரே பூச்சு ஃபோமுக்குக் கவசம், அதுவே முதல் நிறம். சந்துபொந்துகளில் கறுப்பு தங்கிவிடுவதால் நிழலும் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு தொல்லை வளைவது. நீர் கலந்த பசை காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசிய அட்டை அந்தப் பக்கமாக வளைந்து நிற்கும். மறுபக்கமும் ஒரு கை பூசிவிட்டால் இழுப்பு சமமாகிவிடும். கட்டடத்தின் அடியில் அட்டை வைப்பதைவிட மூன்று மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை வைத்து, ஓரத்தைச் சாய்வாக உப்புத்தாளில் தேய்த்துக்கொள்வது நல்லது.

நிறம்தான் சிக்கல்

கட்டுவதில் திறமை தெரியும். ஆனால் மேஜை ஒரு நகரமாகத் தெரியுமா, பத்துத் தனித்தனி மாடல்களாகத் தெரியுமா என்பதை முடிவு செய்வது வண்ணம். மோர்ட்ஹைம் இதைத் தெளிவாகக் காட்டுவதற்குக் காரணம் அதன் விகிதம். ஆள் பதினைந்து, கல்லும் மரமும் ஆயிரம். கண் பார்க்கும் பரப்பில் மிகப் பெரும்பகுதி கட்டடம்தான்.

விளையாட்டின் படங்களே ஒரு வழியைக் காட்டியிருந்தன. கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் கலைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த ஜான் பிளான்ச் கற்பனைக் கதைப் படங்களுக்கு வழக்கமான பளிச் நிறங்களை விட்டு, பழுப்பு, செபியா, காய்ந்த ரத்தச் சிவப்பு என்று ஒரு சிறிய வண்ணத் தட்டில் வேலை செய்தவர். மோர்ட்ஹைம் மேஜைகளைச் செய்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாக் கட்டடத்துக்கும் அடிநிறம் ஒன்றே. கறுப்புக்கு மேல் கருமை கலந்த பழுப்பு. கல், சுண்ணாம்பு, மரம், ஓடு எல்லாம் அந்தப் பழுப்பிலிருந்துதான் பிரிந்து மேலே வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டிலைத் திறந்தால் நகரம் சிதறிப்போகும்.

இதற்கான கருவி டிரைபிரஷ். தட்டையான பெரிய பிரஷ்ஷில் பெயின்டைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிட்டு, லேசாக மேலே உரச வேண்டும். மேடான இடத்தில் மட்டும் நிறம் ஏறும், பள்ளம் இருட்டாகவே இருக்கும். பழுப்பு, பிறகு சாம்பல் கலந்த பழுப்பு, கடைசியில் எலும்பு வெள்ளை என்று மூன்று படி போதும். கடைசிப் படியை மேல்விளிம்புகளுக்கு மட்டும் கொடுத்தால் வானத்து வெளிச்சம் விழுந்ததுபோல இருக்கும். இதற்கெல்லாம் விலை உயர்ந்த மினியேச்சர் பெயின்ட் வேண்டாம். ஒரு நகரத்துக்குச் சின்னப் பாட்டில்களாக வாங்கித் தீராது. பெயின்ட் கடையில் வெள்ளை எமல்ஷனும் இரண்டு மூன்று ஸ்டெயினரும் வாங்கினால் முழு மேஜைக்கும் ஆகும். நல்ல பெயின்டை வீரர்களின் முகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். வார்ஹேமரின் இந்தப் பகுதி பழைய ஜெர்மன் நகரங்களின் சாயலில் வரையப்பட்டது: மரச்சட்டக் கூடு, இடையில் மண்ணும் சுண்ணாம்பும். ஜெர்மனியின் குவெட்லின்பர்க் போன்ற ஊர்களில் அத்தகைய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல் இன்றும் நிற்கின்றன. ஆட்டக்காரர் மரம் என்றதும் சாக்லேட் பழுப்பை எடுக்கிறார். ஆனால் பூச்சு இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஓக் மரம் சில ஆண்டுகளிலேயே வெள்ளிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். புற ஊதாக் கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைப்பதால் வரும் மாற்றம் அது. பராமரிப்பு இல்லாத வீட்டுச் சட்டத்துக்கு அந்தச் சாம்பல்தான் பொருந்தும். உடைந்த முனையில் மட்டும் உள்மரம் தெரிகிற மாதிரி வெளிர் மஞ்சள் பழுப்பை ஒரு கோடு இழுத்தால், இந்த வீடு அண்மையில்தான் உடைந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அதே காரணத்தால் பாசியை அள்ளிப் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. மேஜையில் பச்சைப் பொடியும் கொடியும் பார்க்க அழகுதான். ஆனால் கதைப்படி வால்மீன் விழுந்து நெடுங்காலம் ஆகவில்லை. கொடி படர்ந்த சுவர் நூறு வருடம் கைவிடப்பட்ட சுவர். இந்த நகரத்துக்கு வேண்டியது கரி. சன்னலுக்கு மேலே கறுப்புப் பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் மேல்நோக்கித் தடவ வேண்டும். தீ உள்ளிருந்து வெளியேறிச் சுவரை நக்கிக்கொண்டு மேலே போனதன் தடம் அது. சன்னலுக்குக் கீழே கரி பூசியிருந்தால் அந்தச் சுவர் அழுக்காகத் தெரியுமே தவிர எரிந்ததாகத் தெரியாது.

டிரைபிரஷ் முடிந்ததும் வாஷ். நீரில் மிக நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பை மேலிருந்து கீழே வழியவிட்டால் கல் இடுக்குகளில் தங்கி எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கட்டும். சோப்புக் கரைசல் ஒரு சொட்டு சேர்த்தால் திட்டுத்திட்டாக நிற்காமல் பரவும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரே வாளியிலிருந்து இந்த வாஷைக் கொடுப்பது நல்லது. வெவ்வேறு மாதத்தில் கட்டிய வீடுகளும் ஒரே தெருவில் நிற்கத் தொடங்கும்.

இவ்வளவு மங்கலான நகரத்தில் ஒரே ஒரு பளிச் நிறத்துக்கு இடம் உண்டு, விர்ட்ஸ்டோனின் பச்சை. அதை வேறு எங்கும் பயன்படுத்தாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். கல்லின் உச்சியில் கிட்டத்தட்ட வெள்ளை, அடியில் கரும்பச்சை, சுற்றியிருக்கும் இடிபாட்டின் கல்லை நோக்கிய முகங்களில் மட்டும் மெல்லிய பச்சை. ஆட்டக்காரர்கள் எதைத் தேடி வந்தார்களோ அது மேஜைக்கு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படும்.

வீரனும் தரையும்

அப்புறம் வீரர்கள். மங்கலான நகரத்தில் மங்கலான வீரனை வைத்தால் காணாமல் போய்விடுவான். படையாக நிற்கும் நூறு பேரில் ஒருவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, படையின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பத்துப் பேர் கும்பலில் ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் கூடும் அனுபவம் உண்டு, போன சண்டையில் போன கண்ணும் உண்டு. அதனால் ஒவ்வொருவனும் தனியாகத் தெரிய வேண்டும், அதே சமயம் அந்த ஊர்க்காரனாகவும் இருக்க வேண்டும்.

வழி, நிறத்தின் பளபளப்பைவிட வெளிச்ச வேறுபாட்டில் இருக்கிறது. கட்டடத்துக்கு நடுத்தர நிறங்களோடு நிறுத்திக்கொண்டு, வீரனின் முகம், தோள், ஆயுத விளிம்பு ஆகியவற்றை மேஜையில் உள்ள எதையும்விட வெளிச்சமாகத் தீட்ட வேண்டும். மடிப்பு நிழலை எதையும்விட இருட்டாக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கண் முதலில் முகத்துக்குப் போகும். உடையில் ஒரே ஒரு வலுவான நிறம், கும்பல் முழுக்க அதே நிறம். மீதி எல்லாம் நகரத்தின் பழுப்பிலிருந்து கடன் வாங்கியவை. பூட்ஸிலும் அங்கியின் ஓரத்திலும் தரையின் புழுதி நிறத்தையே லேசாக உரசிவிட்டால் அவன் அந்தத் தெருவில் நடந்தவனாகிவிடுவான்.

பேஸ் என்ற அந்தச் சிறு சதுரத்துக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பேன். தொண்ணூறுகளில் வார்ஹேமர் பொம்மைகளின் பேஸ் பெரும்பாலும் பளிச்சென்ற பச்சையில் இருக்கும். மேஜையும் பச்சை என்பதால் அப்போது அது சரியாகவே இருந்தது. அதே பொம்மையைக் கல் பாவிய மோர்ட்ஹைம் தெருவில் வைத்தால், வெளியூரிலிருந்து ஒரு துண்டுப் புல்வெளியைக் காலடியிலேயே கொண்டுவந்தவன்போல் நிற்பான். மேஜைக்குப் பயன்படுத்திய அதே கல் வடிவம், அதே மூன்று படி டிரைபிரஷ், அதே வாளி வாஷ் பேஸுக்கும் வர வேண்டும். தெருவைத் தீட்டும் அன்றைக்கே பேஸ்களையும் வரிசையாக வைத்துத் தீட்டிவிடுவதுதான் சுலபம். பின்னால் அதே நிறத்தைக் கலந்து எடுப்பது கடினம்.

நம் கடற்கரை ஊர்களில் வீரர்களுக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே வெண்மையாகப் பூத்துவிடும், மேட் வார்னிஷ் என்றால் இன்னும் மோசம். மழைநாளில் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் மேல். மெதுவாக ஆகும், ஆனால் முகம் முகமாகவே இருக்கும்.

பிறகு வந்தவை

மோர்ட்ஹைம் காட்டிய தேவையைப் பிறர் பிடித்துக்கொண்டார்கள். 2015இல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற விளையாட்டும் இடிந்த நகரம்தான், பனியில் உறைந்தது. எந்த நிறுவனத்தின் பொம்மையையும் வைத்து ஆடலாம் என்பதால் பழைய மோர்ட்ஹைம் மேஜைகளுக்கு வெள்ளைப் பொடி தூவிக்கொண்டு பலர் அங்கே போனார்கள். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே 2019இல் வார்க்ரை என்ற சிறு கும்பல் விளையாட்டை வெளியிட்டபோது பெட்டிக்குள் பிளாஸ்டிக் இடிபாடுகளையும் சேர்த்துக் கொடுத்தது. வேலைப்பாடு அருமை, கையால் செய்த எந்த ஃபோம் சுவரிலும் அந்த நுணுக்கம் வராது. ஆனால் ஒரே அச்சில் வந்த சுவர் எல்லார் மேஜையிலும் அதே இடத்தில்தான் உடைந்திருக்கும். அதற்குத் தன் ஊர் முகத்தைக் கொடுக்க ஆட்டக்காரரிடம் மிஞ்சியிருப்பது வண்ணம் மட்டுமே. அதனால் பெட்டி டெரெய்ன் வந்த பிறகு தீட்டுவதன் மதிப்பு கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இப்போது முப்பரிமாண அச்சு. வீட்டிலேயே ஒரு கோபுரத்தை அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் இழையை உருக்கி அடுக்கடுக்காகக் கட்டும் அச்சுப்பொறியில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு மெல்லிய வரியாக நிற்கும். டிரைபிரஷ் மேட்டைத் தேடிப் போகும் வேலை என்பதால், கல்லின் சொரசொரப்பைக் காட்டுவதற்குப் பதில் அந்த வரிகளை ஒவ்வொன்றாக வெளியே காட்டிவிடும். இதற்கும் தீர்வு பழைய பசைப் பூச்சில்தான் இருக்கிறது. வெள்ளைப் பசை, கறுப்பு அக்ரிலிக், அதோடு நன்றாகச் சலித்த மணல் ஒரு கைப்பிடி. இந்தக் கலவையைச் சுவர் முழுக்கத் தட்டித் தட்டிப் பூசிக் காயவிட்டால் வரிகள் மூடிக்கொள்ளும், டிரைபிரஷ்ஷுக்குப் புதிய மேடும் கிடைக்கும். கதவு, இரும்புப் பட்டை, சிற்பம் இருக்கும் இடங்களில் மட்டும் மணல் சேர்க்காத கலவையைப் பூச வேண்டும்.